450 வாட் எஸ்எம்பிஎஸ் புதிய கிராஃபிக்ஸ் கார்டைத் தாங்குமா?

கேள்வி இதுதான்: ரைசன் 5 3600 ப்ராசஸர், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, ஐந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் 450 வாட் எஸ்எம்பிஎஸ் (சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி). இப்போது ஆர்டிஎக்ஸ் 4060 போட ஆசை. கை கொஞ்சம் தாராளமானால் ஆர்டிஎக்ஸ் 4070 அல்லது ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி. ஆனால் 4060-க்கே 550 வாட் வேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்து மாற்றித்தான் ஆக வேண்டுமா?

4060-க்கு அநேகமாக வேண்டாம், 4070-க்கு இழுபறி, 7800 எக்ஸ்டி-க்குக் கட்டாயம் மாற்ற வேண்டும். ஆனால் இந்த மூன்று பதிலும் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்த பிறகுதான் செல்லும். "450 வாட்" என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

முதலில் ஒரு விஷயம். எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்று காட்டும் சாஃப்ட்வேர் எதையும் தேடி அலைய வேண்டாம். ப்ராசஸர், ரேம், கார்டு எல்லாம் தங்கள் பெயரைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். சாதாரண எஸ்எம்பிஎஸ் சொல்லாது. அதிலிருந்து மதர்போர்டுக்குப் போவது மின்சாரமும், "வோல்டேஜ் சரியாக இருக்கிறது" என்று சொல்லும் ஒரு சிக்னலும்தான். ஆகவே மெயின் ஸ்விட்சை அணைத்து, வயரைப் பிடுங்கி, கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். ஸ்டிக்கர் சில கேபினெட்களில் உள்பக்கமாக மறைந்திருக்கும். அப்படியென்றால் பின்னால் உள்ள நான்கு திருகுகளைக் கழற்றி யூனிட்டைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பாருங்கள். யூனிட்டின் சொந்த மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், வயரைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கக்கூடும்.

ஸ்டிக்கரில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். மேல் வரியில் +3.3, +5, +12, −12, +5 எஸ்பி என்று கட்டங்கள், அவற்றின் கீழே ஆம்ப்பியர் எண்கள். அதற்கும் கீழே வாட் எண்கள். இதில் நமக்கு வேண்டியது +12 என்ற கட்டம் ஒன்றுதான். கிராஃபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும் கிட்டத்தட்ட முழுப் பசியையும் இந்த 12 வோல்ட் லைனிலிருந்துதான் தீர்த்துக்கொள்கின்றன. ஆம்ப்பியரை 12-ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும், அவ்வளவுதான் கணக்கு.

இரண்டு ஸ்டிக்கர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒன்றில் 450 வாட் என்று போட்டிருக்கிறது, +12 கட்டத்தில் 36 ஆம்ப்பியர். 36 × 12 = 432 வாட். அதாவது 450-ல் பெரும்பகுதியை 12 வோல்ட்டில் கொடுக்க முடியும். இது இன்றைய காலத்து வடிவமைப்பு. இன்னொன்றில் பெரிய எழுத்தில் 500 வாட். ஆனால் +12 கட்டத்தில் 25 ஆம்ப்பியர்தான், அதாவது 300 வாட். மீதி எங்கே போனது? +5-ல் 24 ஆம்ப்பியர், +3.3-ல் 20 ஆம்ப்பியர் என்று கொட்டிக் கிடக்கும். அந்த வாட்டெல்லாம் உங்கள் கார்டுக்குப் பயன்படாது. 500 என்று எழுதிய இந்த யூனிட், 450 என்று எழுதிய அந்த யூனிட்டை விட 132 வாட் குறைந்தது!

5 வோல்ட்டில் இப்படி ஆம்ப்பியரை அள்ளி வைத்திருப்பது பழைய வடிவமைப்பின் அடையாளம். ஒரு காலத்தில் ப்ராசஸர்கள் 5 வோல்ட் லைனிலிருந்துதான் மின்சாரம் எடுத்தன. 2000-வாக்கில் பென்டியம் 4 வந்தபோது ப்ராசஸருக்கென்று தனியாக 12 வோல்ட் நான்கு பின் கனெக்டர் வந்தது. அதிலிருந்து பாரம் மெல்ல மெல்ல 12-க்கு நகர்ந்துவிட்டது. ஆனாலும் பழைய சர்க்யூட்டையே புதுத் தகரப் பெட்டியில் அடைத்து விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த மாதிரி யூனிட்களில் 12-ன் மேல் பாரம் ஏறி 5 சும்மா கிடந்தால், வோல்டேஜ் இரண்டும் எதிரெதிர் திசையில் நகரும். 12 இறங்கும், 5 ஏறும். ஸ்டிக்கரிலேயே இந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்துவிட்டால், நான் அதன் வயதைக்கூடக் கேட்க மாட்டேன். மாற்றச் சொல்லிவிடுவேன்.

சில ஸ்டிக்கர்களில் 12 வோல்ட் இரண்டாகப் பிரிந்திருக்கும்: 12வி1-ல் 18 ஆம்ப்பியர், 12வி2-ல் 18 ஆம்ப்பியர் என்று. இரண்டையும் கூட்டி 36 என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கீழே இரண்டுக்கும் சேர்த்து ஒரு மொத்த வாட் கொடுத்திருப்பார்கள். அது 432-ஐ விடக் குறைவாக இருக்கலாம். அந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் எவ்வளவு குறைவாக மின்சாரத்தை வீணாக்குகிறது என்பதைக் காட்டும் 80 பிளஸ் முத்திரை பற்றி ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. "80 சதவீதம் என்றால் 500 வாட்டில் 400-தானே கிடைக்கும்" என்று கேட்பார்கள். இல்லை. 500 வாட் என்பது கம்ப்யூட்டருக்குள் கொடுக்கும் அளவு. 80 சதவீதத் திறன் என்றால் அந்த 500-ஐக் கொடுக்கச் சுவரிலிருந்து 625 வாட் இழுக்கும், மிச்சம் 125 சூடாகப் போகும். அந்த முத்திரையில் வரும் ப்ரான்ஸ் (வெண்கலம்), கோல்டு (தங்கம்) என்பதெல்லாம் இந்த வீணாகும் அளவைச் சொல்பவை. கோல்டு யூனிட்கள் பொதுவாக நன்றாகக் கட்டப்பட்டிருக்கும் என்பது அனுபவம்தான், அந்த முத்திரை தரும் உத்தரவாதம் இல்லை. என்னைக் கேட்டால் முத்திரையை விட வாரண்டி வருடத்தைப் பார்ப்பேன். ஏழு, பத்து வருடம் கொடுப்பவருக்குத் தன் பொருள் மீது நம்பிக்கை இருக்கிறது. ஒரு வருடம் கொடுப்பவர் தன் பயத்தை அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்துவிட்டார்.

சரி, இப்போது செலவுப் பக்கம். ப்ராசஸர் பெட்டியில் போட்டிருக்கும் 65 வாட்டை அப்படியே எடுக்கக்கூடாது. உங்கள் ரைசன் 5 3600 முழு வேகத்தில் 88 வாட் வரை இழுக்க அனுமதி உள்ளது. இன்டெலில் இடைவெளி இன்னும் பெரிது: ஐ5 12400-ம் 65 வாட் ப்ராசஸர்தான், ஆனால் டர்போவில் 117 வரை போகும். ஐ9 13900கே-யின் 125, 253 ஆகிவிடும். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 50 வாட் வைத்துக்கொள்ளுங்கள். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் இரண்டு மூன்று இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பத்து வாட் கூட்டிக்கொள்ளலாம்.

கார்டுகள்: ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட், ஆர்டிஎக்ஸ் 4070 200 வாட், ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி 263 வாட். இவை தயாரிப்பாளர்கள் சொல்லும் அடிப்படை அளவுகள். ஓவர்கிளாக் செய்து, அதாவது வேகத்தைக் கூட்டி வரும் பெரிய மூன்று ஃபேன் மாடல்கள் இதற்கு மேலும் இழுக்கலாம். வாங்கப்போகும் குறிப்பிட்ட மாடலின் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

115 வாட் கார்டுக்கு எதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் கேட்கிறார்கள்? உங்களிடம் என்ன ப்ராசஸர் இருக்கிறது, எந்த லட்சணத்தில் எஸ்எம்பிஎஸ் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நான் மேலே சொன்ன அந்த 500 வாட் ஸ்டிக்கரும் ஊரில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் மோசமான நிலையை மனதில் வைத்து ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். நம் கையில் ஸ்டிக்கர் இருக்கும்போது, அந்தப் பொது எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் வெறும் கூட்டல் மட்டும் போட்டால் ஏமாந்துவிடுவோம். 200 வாட் கார்டு எப்போதும் சீராக 200 இழுப்பதில்லை. அது ஒரு சராசரி. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு நேரத்துக்கு அதைத் தாண்டிக் குதித்துவிட்டுத் திரும்பும். எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் கொஞ்சம் அவசரக்காரனாக இருந்தால், அந்தக் குதிப்பையே ஷார்ட் சர்க்யூட் என்று நினைத்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். 2020-ல் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 வந்தபோது இந்தத் தொல்லை பரவலாகப் பேசப்பட்டது. 2022-ல் வந்த, எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.0 தரத்தில் இதற்கென்றே விதி இருக்கிறது. புதிய 16 பின் கனெக்டரோடு வரும், 450 வாட்டுக்கு மேற்பட்ட யூனிட்கள், தங்கள் அளவைப் போல இரண்டு மடங்கு வரை வரும் குதிப்பை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும்.

இந்தக் குதிப்பு எப்படி ஆளை அலைக்கழிக்கும் என்பதற்கு ஒரு நண்பனின் கம்ப்யூட்டரைச் சொல்கிறேன். புதுக் கார்டு போட்டதும் கேம் ஓடும்போது சட்டென்று அணையும். நீலத் திரை இல்லை, எர்ரர் இல்லை, யாரோ வயரைப் பிடுங்கினது போல டப்பென்று இருட்டு. ரேமை மாற்றினோம், விண்டோஸைப் புதிதாகப் போட்டோம், டிரைவரைப் பழையதாக்கினோம். வேடிக்கை என்னவென்றால், ஒரு மணி நேரம் முழுப் பாரம் கொடுத்து டெஸ்ட் ஓட்டினால் சிங்கம் மாதிரி நின்றது. ஆனால் கேமின் மெனு திரையில், சண்டை கூட ஆரம்பிக்காத நேரத்தில், அணைந்தது. மெனுவில் படம் எளிது என்பதால் நொடிக்கு நூற்றுக்கணக்கான ஃபிரேம்கள் ஓடும். ஒரு கிளிக்கில் பாரம் விழும், மறு கிளிக்கில் எகிறும். சீரான பாரத்தைத் தாங்கிய எஸ்எம்பிஎஸ், இந்த ஊஞ்சலாட்டத்தைத் தாங்கவில்லை. ஃபிரேம் அளவை 60-ல் கட்டிவைத்ததும் பிரச்சினை நின்றது. அப்போதுதான் எங்கள் விரல் எஸ்எம்பிஎஸ் பக்கம் திரும்பியது. வேறு யூனிட் போட்ட பிறகு கட்டையும் அவிழ்த்துவிட்டோம், மறுபடி அணையவில்லை.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் கைக்கணக்கு: கார்டின் வாட்டை ஒன்றரை மடங்காக்கு, ப்ராசஸரின் உச்ச அளவைக் கூட்டு, 50 சேர். இந்த மொத்தம் 12 வோல்ட் லைனின் வாட்டுக்குள் அடங்கினால் நிம்மதியாகப் போடலாம்.

உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் 36 ஆம்ப்பியர், அதாவது 432 வாட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 4060-க்கு 173 + 88 + 50 = 311. தாராளமாக இடம் இருக்கிறது. 4070-க்கு 300 + 88 + 50 = 438. ஆறு வாட் இடிக்கிறது. யூனிட் நல்ல தரமாக, வயது குறைவாக இருந்தால் ஓடிவிடும், ஐந்து வருடம் உழைத்த யூனிட் என்றால் நான் துணிய மாட்டேன். 7800 எக்ஸ்டி-க்கு 395 + 88 + 50 = 533. பேச்சுக்கே இடமில்லை, 650 அல்லது 700 வாட் யூனிட்டுக்குப் போய்விடுங்கள். அந்த 300 வாட் ஸ்டிக்கராக இருந்தாலோ, 4060 கூட 311-ல் எல்லையைத் தாண்டிவிடுகிறது. பெயரளவில் அது 500 வாட் யூனிட் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வயது ஏன் கணக்கில் வருகிறது என்றால், உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் சூட்டில் காய்ந்துகொண்டே வரும். பத்து டிகிரி சூடு கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸில் பழைய வாய்ப்பாடு. மின்சாரக் குதிப்பைத் தணிப்பதே இந்தக் கெப்பாசிட்டர்களின் வேலை. அவை காய்ந்தால் யூனிட் தினசரி வேலைக்கு நன்றாகத்தான் தெரியும், புதுக் கார்டு வந்து உலுக்கும்போதுதான் சாயம் வெளுக்கும். கேபினெட் அடியில் எஸ்எம்பிஎஸ் இருந்து, தூசி வடிகட்டியைச் சுத்தம் செய்யாமலே ஐந்து வருடம் போயிருந்தால், அதை ஏழு வருடமாக எண்ணிக்கொள்ளுங்கள். இது என் சொந்த மதிப்பீடுதான்.

வாட் சரியாக வந்தாலும் கனெக்டர் இல்லையென்றால் கதை முடிந்தது. உங்கள் 1650 பெரும்பாலும் தனி வயர் இல்லாமல் ஓடியிருக்கும். மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும், அதற்கு அதுவே போதும். 4060-ன் பெரும்பாலான மாடல்களுக்கு ஒரு 8 பின் கனெக்டர் வேண்டும். 6 பின் என்றால் 75 வாட், 8 பின் என்றால் 150 வாட் என்பது தரத்தில் சொல்லப்பட்ட அளவு. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் வயர்களில் ஆறும் இரண்டுமாகப் பிரியும் தலை இருக்கிறதா என்று தேடுங்கள். நாலும் நாலுமாகப் பிரிந்தால் அது ப்ராசஸருக்கானது. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். பிளாஸ்டிக் துளைகளின் வடிவம் தடுக்கும், ஆனாலும் பலத்தால் நுழைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

8 பின் இல்லையே, ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரிலிருந்து மாற்றும் அடாப்டர் கிடைக்கிறதே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று மெல்லிய பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்ப்பியர். மொத்தம் 54 வாட். அதன் மறுமுனையில் 150 வாட் கேட்கும் தலையை மாட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு தேவையில்லை. முதலில் பிளாஸ்டிக் மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும், அப்புறம் வீட்டில் எல்லோருக்கும் வாசனை வரும். ஒரு எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான வயரே இல்லையென்றால், அதைக் கட்டியவரே இது கார்டுக்கானது இல்லை என்று சொல்கிறார் என்று அர்த்தம்.

இரண்டு 8 பின் கேட்கும் கார்டு என்றால், ஒரே வயரில் இரண்டு தலை தொங்கும் கேபிளை மாட்டாமல், இரண்டு தனி வயர்களைப் போடுங்கள். கழற்றி மாட்டும் மாடுலர் யூனிட்டில் ஒரு எச்சரிக்கை. பழைய யூனிட்டின் கேபிளைப் புதியதில் போடக்கூடாது. கார்டு பக்கம் எல்லாம் ஒரே தரம், எஸ்எம்பிஎஸ் பக்கத்துக்குத் தரமே கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்கூட பின் வரிசை மாறலாம். 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் வேறொன்று போனால் ஹார்டு டிஸ்க்கோ கார்டோ அந்த நொடியே போய்விடும்.

4070-ன் சில மாடல்கள் 16 பின் கனெக்டரோடு வரும். 2022 கடைசியில் ஆர்டிஎக்ஸ் 4090-ல் இது உருகிய படங்கள் நிறைய வந்தன. முழுமையாக அழுத்தி மாட்டாதது அதில் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. 200 வாட் கார்டில் அந்த அளவு பாரம் இல்லை. ஆனாலும் இடைவெளி தெரியாமல் கடைசி வரை அழுத்துங்கள், கனெக்டரை ஒட்டியே வயரை மடக்காதீர்கள்.

அலுவலகங்களில் பயன்படுத்திவிட்டு விற்ற பிராண்டட் மெஷின்களை வாங்கிக் கார்டு போட நினைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அவற்றில் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் அளவும் மதர்போர்டு கனெக்டரும் பொதுத் தரத்தில் இருக்காது, கடையில் வாங்கியதைப் போட முடியாது. அப்படிப்பட்டவற்றில் 75 வாட்டுக்குள் அடங்கி, தனி வயர் கேட்காத கார்டோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி மாடல் 70 வாட்தான்.

கார்டு போட்ட பிறகு சோதிக்க வேண்டும். பேப்பர் கிளிப்பை வைத்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக ஓட்டிப் பார்க்கும் வித்தை, ஃபேன் சுற்றுகிறது என்பதைத் தவிர வேறெதையும் நிரூபிக்காது. ப்ராசஸருக்கும் கார்டுக்கும் ஒரே நேரத்தில் பாரம் கொடுங்கள். ஓசிசிடி போன்ற சாஃப்ட்வேரில் அதற்கென்றே பவர் டெஸ்ட் இருக்கிறது. அரை மணி நேரம் ஓடட்டும். அப்போது மல்டிமீட்டர் இருந்தால், பயன்படுத்தாமல் தொங்கும் நாலு பின் மோலெக்ஸ் தலையில் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் நடுவே அளந்து பாருங்கள். எல்லா வயரும் கறுப்பாக இருந்தால் ஓரத்தில் ஒரு பக்க பின்னில் 12, மறு ஓரத்தில் 5 காட்டும், நடு இரண்டும் கிரவுண்டு. தரம் அனுமதிப்பது 11.4-லிருந்து 12.6 வரை. சும்மா இருக்கும்போது 12.1, பாரத்தில் 11.9 என்றால் அருமை. 11.5-க்கு இறங்கி ஆடினால் யூனிட் மூச்சு வாங்குகிறது. மதர்போர்டு சென்சார் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம். டெஸ்ட் முடிந்ததும் மெனு திரைகள் நிறைந்த ஒரு கேமை, ஃபிரேம் கட்டுப்பாடு இல்லாமல், ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள். என் நண்பன் கம்ப்யூட்டரின் குட்டு அங்கேதான் உடைந்தது.

4070-ஐ வாங்கிவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் போக முடியும் என்றால், நடுவில் ஒரு வழி இருக்கிறது. கார்டைக் கட்டுப்படுத்தும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரில் பவர் லிமிட்டை 75 அல்லது 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். 200 வாட் கார்டு 150, 160-ல் ஓடும். பாரம் குறையும் அளவுக்கு வேகம் குறையாது, கேமில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஃபிரேம் அளவையும் மானிட்டரின் வேகத்துக்குக் கட்டிவிடுங்கள். ஆனால் விண்டோஸ் ஏறி அந்த சாஃப்ட்வேர் ஓட ஆரம்பித்த பிறகுதான் கட்டுப்பாடு வரும் என்பது நினைவிருக்கட்டும்.

கடைசியாக யுபிஎஸ். கம்ப்யூட்டர் யுபிஎஸ் வழியாக ஓடினால் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். 600 விஏ என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், வாட் கணக்கில் பல மாடல்கள் 360-தான். 4060 வரை மானிட்டரோடு சேர்த்து ஓடிவிடும். பெரிய கார்டு போட்டு, கேம் நடுவே கரண்ட் போகும்போது யுபிஎஸ் கத்திக்கொண்டே கம்ப்யூட்டரும் அணைந்தால், எஸ்எம்பிஎஸ்ஸைத் திட்டுவதற்கு முன் ஒரு முறை யுபிஎஸ் இல்லாமல் நேரடியாகச் சுவரில் மாட்டிப் பாருங்கள்.